பயற்றைத் தகர டப்பாவில் வாங்காதீர்கள்



டெக்சஸிலும் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் இல்லறம் நடத்தி வரும் நம் தமிழ்க் குடும்பத்தாருள் மெக்ஸிகோ தேசத்து ஆகாரத்தை அறியாதவர் இன்று அநேகமாக ஒருவரும் இல்லை. வெளியில் சாப்பிடப் புறப்படும் வேளையில், மாமிசம் உண்ணாதவர்களுக்கும் ஏதேனும் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு நாம் நுழையும் இடம் அதுவே. குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் பழகிக்கொண்டு வந்து வீட்டிலும் வேண்டுமென்று கேட்கும் பதார்த்தங்களும் அவையே. அவற்றுள், ரீஃப்ரைடு பீன்ஸ் என்று நாமும் ஃப்ரிஹோலெஸ் ரெஃப்ரிதோஸ் என்று அந்நாட்டாரும் வழங்கும் மசித்து வறுத்த பயறு, வாரத்தில் ஒரு நாளாவது நம் வீட்டு மேஜைக்கு வந்துவிடுகிறது. ஆனால் துவரம்பருப்பைக் கல் பொறுக்கிக் குழைய வேகவைத்து மத்தால் கடைந்து சாம்பார் வைக்கும் அதே சமையலறையில், இந்தப் பயறு மாத்திரம் தகர டப்பாவிலிருந்து கட்டியாக வழித்தெடுக்கப்பட்டு, இரண்டு நிமிஷம் சூடுகாட்டப்பட்டுப் பரிமாறப்படுவதைக் காணும்போது உண்டாகும் மனக்குறையே இம்மடலை எழுதத் தூண்டியது. பயறு வேகவைக்கத் தெரியாத ஜனங்கள் அல்லோம் நாம். தெரிந்த வித்தையைப் பிரயோகிக்காமல், அதன் ருசி இன்னதென்று அறியாமலே காலம் கழிக்கிறோம் என்பதே என் முறையீடு.

இது எத்தகைய ஆகாரம் என்பதை முதலில் சிறிது சொல்லுகிறேன். நாம் பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸும், கடையில் வாங்கும் ராஜ்மாவும், மெக்ஸிகோவின் வடபகுதியார் விரும்பும் பின்டோவும், தென்பகுதியார் விரும்பும் கறுப்புப் பயறும் தாவர சாஸ்திரத்தின்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பிஞ்சிலே பறித்தால் பொரியலுக்கு ஆகும், செடியிலேயே முற்றிக் காயவிட்டால் பயறாகும். இந்த இனத்தை மெக்ஸிகோவை உள்ளிட்ட பிரதேசத்து மக்களும், தெற்கே ஆண்டிஸ் மலைச்சாரலில் வாழ்ந்த மக்களும் தனித்தனியே சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள். புவெப்லா மாநிலத்து டெஹுவாகான் பள்ளத்தாக்கில் ஒரு குகையில் அகப்பட்ட பயறு ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கிறார்கள். மில்பா என்று அவர்கள் அழைக்கும் வயலில், மக்காச்சோளத் தட்டையைக் கொழுகொம்பாகப் பற்றிப் பயற்றங்கொடி மேலே ஏற, தரையில் பூசணிக்கொடி படர்ந்து களையை அடக்கும். கொடியின் வேர்முண்டுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கும். சோளத்தில் குறைவாக உள்ள லைசின் என்னும் சத்து பயற்றில் நிறைய இருப்பதால், சோள ரொட்டியாகிய டோர்ட்டியாவும் பயறும் சேர்ந்த உணவு ஏழைக் குடியானவனுக்கு நிறைவான போஷாக்கைத் தந்து, அத்தேசத்தின் பெருந்திரளான மக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்திருக்கிறது. அஸ்டெக் அரசர்களுக்குக் கட்டிய கப்பத்தில் சோளத்தோடு பயறும் இருந்தது. நம் சமையலுக்கு இன்றியமையாத மிளகாயும் அந்த மண்ணிலிருந்து கடல் கடந்து வந்ததுதான் என்பதை நினைக்கும்போது, அந்தத் தேசத்தாருக்கு நாம் பட்டிருக்கும் கடனும் கூடவே நினைவுக்கு வருகிறது.

ஆதியில் அவர்கள் பயற்றை வேகவைத்தே உண்டார்கள். 1519ஆம் ஆண்டில் கரையிறங்கி, 1521இல் அஸ்டெக் தலைநகரைப் பிடித்த ஸ்பானியர் தங்களோடு பன்றியைக் கொண்டுவந்தார்கள். பன்றியோடு அதன் கொழுப்பும் வந்தது. அக்கொழுப்பு வந்த பிறகே பயற்றை மசித்து வறுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. ஆகவே, புராதனமான பயறும் பின்னால் வந்த கொழுப்பும் கலந்ததே இந்தப் பதார்த்தம். அதன் சமையல் முறையிலும் அந்த இரண்டு படிகள் இன்றளவும் அப்படியே இருக்கின்றன. முதல் நாள், மண்பானையில் வெங்காயத்தோடும் தண்ணீரோடும் வெந்த பயறு சாற்றுடன் கிண்ணத்தில் ஊற்றிப் பரிமாறப்படுகிறது. பானைப் பயறு என்றே அதற்குப் பெயர். மறுநாள், மிஞ்சியிருப்பது கொழுப்பில் மசிந்து வறுபட்டு, காலை முட்டையோடும் பகல் டோர்ட்டியாவோடும் சேருகிறது. டப்பாவை வாங்குகிறவருக்கு முதல் நாள் ஆகாரம் முழுவதும் நஷ்டம்; இரண்டாம் நாள் ஆகாரத்திலும் பானைச் சாற்றின் சுவையும், வாணலியில் வறுபட்ட மணமும் நஷ்டம். எஞ்சுவது உப்புக் கரிக்கும் ஒரு களி மாத்திரமே.

மாமிசம் உண்ணாத குடும்பத்தார் தகர டப்பாவை இன்னொரு காரணத்தாலும் உற்று நோக்கவேண்டும். பழைய பாணி என்று மேலே அச்சிட்டு விற்கப்படும் டப்பாக்களில் பல, பன்றிக் கொழுப்புச் சேர்ந்தவை. சேர்மானப் பட்டியலில் லார்டு என்றோ, ஸ்பானிய மொழியில் மன்தேகா என்றோ அது குறிக்கப்பட்டிருக்கும். உணவு விடுதிகள் பலவற்றிலும் பயறு அக்கொழுப்பில்தான் வறுபடுகிறது. பக்கத்தில் வைக்கும் செந்நிறச் சோறும் பல இடங்களில் கோழிச் சாற்றில் வெந்தது. கண்ணுக்குப் பயறும் சோறுமாகத் தோன்றுவதால் விசாரிக்க வேண்டுமென்ற எண்ணமே நம்மவர் பலருக்கு உண்டாவதில்லை. அவ்விடுதிக்காரர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. அவர்கள் தங்கள் தாயும் பாட்டியும் சமைத்தபடி சமைக்கிறார்கள். அந்தக் கொழுப்பு அந்தப் பதார்த்தத்துக்கு உரியதே. விசாரிக்கவேண்டியது நம் கடமை. வீட்டிலே சமைத்துக்கொண்டால் விசாரணைக்கே இடமில்லை.

இனிச் சமையலுக்கு வருகிறேன். காய்ந்த பின்டோ பயறு ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், மூன்று டப்பாவுக்குக் குறையாத பதார்த்தத்தைத் தரும். நம்மவர் கடைகளில் நெடுநாள் அடுக்கிலே கிடக்கும் பொட்டலத்தைவிட, மெக்ஸிகோக்காரர் நடத்தும் மளிகைக் கடையில், நாள்தோறும் விற்றுத் தீரும் தொட்டியிலிருந்து அள்ளி வாங்குவது உத்தமம். ஏனெனில் பயற்றின் வயசுதான் சமையலின் பாதி வெற்றி. இரண்டு மூன்று வருஷம் கிடந்து பழசான பயறு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் உள்ளே மணல் கடித்ததுபோல் நரநரவென்றே இருக்கும். வாங்கி வந்ததைத் தாம்பாளத்தில் பரப்பிக் கல்லும் மண்கட்டியும் சுருங்கிய பயறும் பொறுக்கி, இரண்டு தண்ணீரில் அலசவேண்டும். இதை நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

இரவே ஊறப்போட வேண்டுமா என்ற கேள்வியில் அபிப்பிராய பேதம் உண்டு. மெக்ஸிகோவில் அநேக வீடுகளில் ஊறவைப்பதில்லை. பயறு புதிதாக இருப்பதால் அதற்கு அவசியமும் நேர்வதில்லை. ஊறிய நீரைக் கொட்டினால் நிறமும் சுவையும் அதனோடு போய்விடும் என்பது அவர்கள் கருத்து. கறுப்புப் பயற்றில் அது கண்கூடு. கொட்டிய நீர் மை போலிருக்கும், வெந்த பயறோ வெளுத்துக் கிடக்கும். மறுபக்கத்தில், பயறு உண்டால் வயிறு உப்புசம் கொள்ளும் என்று அஞ்சுகிறவர்கள் ஊறவைத்து நீரை வடிப்பதால் ஓரளவு பயன் உண்டு. உப்புசத்துக்குக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்னும் சர்க்கரை வகைகள் அந்த நீரில் கொஞ்சம் கரைந்து போகின்றன. என் தீர்மானம் இது: பின்டோவை வேண்டுமானால் ஊறவையுங்கள், கறுப்பை ஊறவைக்காமல் அப்படியே அடுப்பிலேற்றுங்கள்.

அடிகனத்த பாத்திரத்தில் பயற்றைப் போட்டு, அதற்கு மேல் நான்கு விரற்கடை நிற்கும்படி தண்ணீர் வார்த்து, வெள்ளை வெங்காயத்தில் பாதியை நறுக்காமல் துண்டமாகவே போட்டு, ஒரு கரண்டி கொழுப்போ எண்ணெயோ விட்டுக் கொதிக்கவிடுங்கள். நன்றாகத் தளதளவென்று கொதித்த பிறகு தணலைக் குறைத்து, மேற்பரப்பு லேசாக அசையும் அளவில் வைத்தால், ஒன்றரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வெந்துவிடும். இடையில் தண்ணீர் வற்றினால் வெந்நீரையே ஊற்றவேண்டும். கறுப்புப் பயறாயின், மெக்ஸிகோ கடைகளில் கட்டாக விற்கும் எப்பாசோட்டே என்ற கீரையின் ஒரு கொத்தை, முக்கால்வாசி வெந்தபின் போடுவது அந்நாட்டுத் தென்பகுதியாரின் சம்பிரதாயம். அதன் வாசனை சற்றுக் காரமான மருந்து வாசனை; முதலில் மூக்குக்கு அந்நியமாகத் தோன்றினாலும், இரண்டொரு முறையில் அது இல்லாத கறுப்புப் பயறு பயறாகவே தோன்றாது.

உப்பை முதலில் போட்டால் பயறு வேகாது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மையன்று. மெக்ஸிகோவில் பயறு மெத்தென்று ஆனபிறகே பெரும்பாலும் உப்பிடுகிறார்கள்; முதலிலேயே இட்டாலும் கெடுதல் இல்லை, தோல் இன்னும் மிருதுவாகவே ஆகும். வேகவிடாமல் தடுப்பவை வேறு இரண்டு. ஒன்று புளிப்பு. புளிக்கரைசல் விட்ட பிறகு பருப்பு வேகாது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே அறிவார்கள். தக்காளிக்கும் எலுமிச்சைக்கும் அந்த நியாயமே பொருந்தும், ஆகையால் வேகும் பானையில் அவற்றைச் சேர்க்காதீர்கள். மற்றொன்று சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீர்; தெற்கு டெக்சஸிலும் அரிசோனாவிலும் வாழ்கிறவர்கள் குழாய்த் தண்ணீரை விட்டு வடிகட்டிய தண்ணீரில் வேகவைத்துப் பார்த்தால் வித்தியாசத்தைத் தாமே உணர்வார்கள். ஆப்பசோடாவைப் போட்டு அவசரப்படுத்துவது எனக்கு உடன்பாடன்று. பயறு குழையும், ஆனால் சவர்க்கார நெடி ஏறிவிடும். மலைமேல் உள்ள ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்ஸிகோ நகரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே பல வீடுகளில் பிரஷர் குக்கர் இருக்கிறது. டென்வரில் இருப்பவர்களும் அதையே நாடலாம். மின்சாரப் பிரஷர் குக்கரில் ஊறாத பின்டோவுக்கு நாற்பது நாற்பத்தைந்து நிமிஷம் போதும். பாத்திரத்தில் பாதிக்குமேல் நிரப்பாமல், ஆவி தானே அடங்கும்வரை காத்திருக்கவேண்டும்.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கர் என்ற சாதனத்தில் காய்ந்த பயற்றை நேரடியாகப் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் வழக்கத்தைக் கைவிடுங்கள். இந்த இனத்துப் பயற்றில், முக்கியமாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் பொருள் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். கொதிநிலையை எட்டாத வெப்பத்தில் அரைகுறையாக வெந்த பயறு, சற்றும் வேகாத பயற்றைவிடவும் அதிகமாக வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முப்பது நிமிஷம் கொதிக்கவைக்கச் சொல்கிறது. அந்தச் சாதனத்தை விடமுடியாதவர்கள், அடுப்பில் அந்த நேரம் கொதிக்கவிட்ட பிறகே அதற்கு மாற்றட்டும்.

வெந்த பதத்தை அறிய அந்நாட்டுச் சமையற்காரிகள் கைக்கொள்ளும் ஒரு சோதனை உண்டு. இரண்டு மூன்று பயற்றைக் கரண்டியில் எடுத்து அவற்றின்மேல் ஊதவேண்டும். தோல் வெடித்துச் சுருண்டு விலகினால் பயறு வெந்து வருகிறது என்று அர்த்தம். மசிப்பதற்கு அது போதாது. விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் திப்பி ஏதும் தட்டாமல் வெண்ணெயாக நசுங்கவேண்டும். பானையிலுள்ள நீர், தண்ணீராக இராமல் சற்றே கொழகொழத்து, பழுப்பேறி, கரண்டியைப் பூசி வடியவேண்டும். அந்தச் சாறுதான் இந்தச் சமையலின் சாரம். நம்மில் பலர் டப்பாவில் வரும் முழுப் பயற்றின் நீரைக் கழுவி ஊற்றிப் பழகியதால் இதையும் அப்படியே கொட்டிவிடத் துணிகிறார்கள். அதைப்போன்ற விரயம் வேறில்லை. அன்று இரவு ஒரு கிண்ணத்தில் பயற்றைச் சாற்றுடன் ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் தூவி, சூடான டோர்ட்டியாவைத் துணையாகக் கொண்டு சாப்பிடுங்கள். மீதி இரவு முழுவதும் குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும். மறுநாள் அது இன்னும் ருசி கூடியிருக்கும்.

மறுநாள் வறுக்கும் வேலைக்கு, தோசைக்கல்லைப்போல் வார்ப்பிரும்பில் செய்த அகன்ற சட்டியே மிகவும் தகுந்தது. கொழுப்பைப்பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பன்றிக் கொழுப்பை உண்ணும் வழக்கமுள்ளவர்கள், கடையில் கட்டியாக விற்கும் வெள்ளைக் கொழுப்பை விட்டு, மெக்ஸிகோ கசாப்புக் கடையில் வறுவல் காய்ச்சி எடுத்த பழுப்புநிறக் கொழுப்பை வாங்குங்கள்; வித்தியாசம் பெரிது. உண்ணாதவர்கள், மணமற்ற எண்ணெயில் வெங்காய வளையங்களைக் கருஞ்சிவப்பாகும்வரை நிதானமாக வறுத்து, வெங்காயத்தை எடுத்துவிட்டு, அதன் வாசனை இறங்கிய எண்ணெயையே உபயோகியுங்கள். நெய்யும் நல்லெண்ணெயும் நம் நாவுக்கு இனியவையே ஆனாலும், அவற்றை விட்டால் பதார்த்தம் வேறொன்றாகிவிடும். இரண்டு கோப்பைப் பயற்றுக்கு மூன்று மேஜைக்கரண்டிக்குக் குறையாமல் வேண்டும். இதிலே சிக்கனம் பிடித்தால் கிடைப்பது வறுத்த பயறன்று, மசித்த பயறு.

எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும், ஒரு கோப்பைப் பயற்றைச் சிறிது சாற்றுடன் சட்டியில் விடுங்கள். சடசடவென்று இரையும், அந்த இரைச்சல் எழவில்லையானால் சட்டி காயவில்லை என்று கொள்ளவேண்டும். பருப்பு மத்தாலோ உருளைக்கிழங்கு மசிக்கும் கட்டையாலோ தீயின்மேலேயே மசியுங்கள். மிக்ஸியில் அரைத்து ஊற்றுவது சுலபம், மெக்ஸிகோவிலும் செய்கிறார்கள். ஆயினும் பாதி மசிந்தும் பாதி முழுதாகவும் வாயில் அகப்படும் பக்குவம் கையால் மசித்தாலன்றி வருவதில்லை. முதல் பங்கு எண்ணெயோடு ஒன்றானதும் அடுத்த பங்கு, பிறகு இன்னும் கொஞ்சம் சாறு, என்று படிப்படியாகச் சேர்த்து, அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறுங்கள். முதலில் கஞ்சிபோலத் தளர்ந்திருக்கும். பயந்து தீயைக் குறைக்காதீர்கள். சில நிமிஷங்களில் குமிழிகள் கனத்து மெதுவாக வெடிக்கும். ஓரங்கள் உலர்ந்து மெல்லிய பொருக்காகச் சட்டியை விட்டு விலகும். அந்தப் பொருக்கை மீண்டும் மீண்டும் நடுவே மடித்துச் சேர்க்கச் சேர்க்க வறுபட்ட சுவை முழுவதும் பரவும். கடைசியில் சட்டியைக் கையில் பிடித்து ஆட்டினால் பயறு முழுவதும் ஒரே திரளாக அடியில் வழுக்கி நகரும். அதுவே பதம். ஆறினால் இன்னும் இறுகும் என்பதை நினைவில் வைத்து, சற்றுத் தளர்ச்சியாக இருக்கும்போதே இறக்குவது நல்லது. இறுகிவிட்டாலும் குற்றமில்லை, எடுத்து வைத்த சாற்றில் ஒரு கரண்டி விட்டால் இளகிவிடும்.

மசாலா சேர்க்கும் ஆசை நம்மவர்க்கு இயல்பாக எழும். சீரகமும் மிளகாய்ப் பொடியும் போடுவது டெக்சஸ் பக்கத்துப் பழக்கம், அதில் பிழையில்லை. ஆனால் மத்திய மெக்ஸிகோவின் வீட்டுச் சமையலில், பயறு, வெங்காயம், கொழுப்பு, உப்பு ஆகிய நான்கோடு காரியம் முடிந்துவிடுகிறது. கடுகு தாளித்துக் கறிவேப்பிலை போட்டால் நல்லதொரு மசியல் கிடைக்கும். அதை மசியல் என்றே சொல்லிச் சாப்பிடுவோம். பிறர் பதார்த்தத்தை ஒருமுறையேனும் அவர்கள் செய்கிறபடியே செய்து அறிந்த பிறகு மாற்றுவதுதான் மரியாதை. மாறுதலை விரும்புகிறவர்களுக்கு அந்தத் தேசத்துக்குள்ளேயே ஏராளமான வகைகள் இருக்கின்றன. ஒவஹாக்கா மாநிலத்தில் கறுப்புப் பயற்றோடு, தணலில் வாட்டிய வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையை அரைத்துச் சேர்க்கிறார்கள். சோம்பை நினைவூட்டும் வாசனை அது. அந்த இலை உலர்ந்த பொட்டலமாக இங்கேயும் கிடைக்கும். தோட்டத்து மரத்திலிருந்து எதையாவது பறித்துப் போடாமல் கடையில் வாங்குங்கள், எல்லா ஜாதி மரத்தின் இலையும் உணவுக்கு உகந்ததன்று. யுகதானில் கறுப்புப் பயற்றை அரைத்து வடிகட்டிப் பட்டுப்போல ஆக்குகிறார்கள். பொலியோ என்னும் ரொட்டியைப் பிளந்து, உள்ளே பயறு பூசி, பாலாடைக்கட்டி தூவி வாட்டிய மொயெத்தே, பள்ளிக்குச் செல்லும் குழந்தைகளுக்குக் காலையில் தர மிகவும் வசதியானது.

வெந்த பயறு குளிர்ப்பெட்டியில் மூன்று நான்கு நாள் தாங்கும். சாற்றுடன் உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஆகையால், வேலை மிகுந்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பவுண்டு வேகவைத்துப் பங்கிட்டு வைத்துக்கொண்டால், வாரநாளில் டப்பாவைத் திறந்து சூடுகாட்டும் நேரத்துக்கும் சட்டியில் வறுக்கும் நேரத்துக்கும் பத்து நிமிஷத்துக்குமேல் வேற்றுமை இராது.

வருகிற விடுமுறை நாளில் ஒரு பவுண்டு பின்டோ வாங்கி அடுப்பிலேற்றுங்கள் என்று உங்கள் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்ளுகிறேன். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, கரண்டியில் எடுத்த பயற்றின்மேல் அவர்களையே ஊதச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் மெக்ஸிகோ குடும்பத்தார் இருந்தால், அவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்கள் ஊர் வழக்கத்தைக் கேட்டு அதன்படியும் ஒருமுறை செய்து பாருங்கள். எதை மறந்தாலும், வெந்த சாற்றை மாத்திரம் கொட்டிவிடாதீர்கள்.

இங்ஙனம்,
தங்கள் நலம் விரும்பும் அன்பன்.